இறுக்கத் தடுப்புப் பிரிவு

லெமுவெல் டில்லார்ட் செய்த ஒரே தவறு, நலம் விசாரித்தவருக்கு உண்மையான பதிலைச் சொன்னதுதான். நகராட்சி அலுவலகங்களில் நலம் விசாரிப்பது பதிலை எதிர்பார்த்து அல்ல என்பது அவருக்குத் தெரியாத விஷயமில்லை. கிரேட்டன் நகரப் பேருந்துத் துறையில் இருபது வருஷமாக வண்டி ஓட்டுகிறவர். ஆனாலும் அன்று காலை சந்தோஷத்தில் வாய் நழுவிவிட்டது.

1968, வசந்த காலம். ஒஹையோவில் ஏரிக்கரையை ஒட்டிய ஊர். முந்தின நாள் மாலைதான் அவருடைய மகள் ஒடெஸ்ஸாவுக்கு டென்னஸியில் ஒரு கல்லூரியில் முழு உதவித்தொகையோடு இடம் கிடைத்த செய்தி வந்திருந்தது. டில்லார்ட் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதிக்கப்போகும் முதல் ஆள். லெமுவெல் இரவெல்லாம் தூங்கவில்லை. விடிந்ததும் சீருடைக்குக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டுக்கொண்டு, பயணிகளுக்குச் சில்லறை கொடுக்கும் குழலை இடுப்பில் மாட்டிக்கொண்டு பணிமனைக்கு வந்தார். வாசலில் டாக்டர் ஆல்டன் விப்பிள் நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் விப்பிள் யார் என்பதைச் சொல்லிவிட வேண்டும். முந்தின கோடையில் நாட்டின் பல ஊர்களில் கறுப்பர் குடியிருப்புகள் பற்றி எரிந்தன. அதைப் பார்த்துப் பயந்த வாஷிங்டன், அமைதியை வளர்ப்பதற்காக நகரங்களுக்கெல்லாம் பணம் அனுப்பியது. கிரேட்டனில் ஒரு தீக்குச்சிகூட எரியவில்லை. ஆனால் வந்த பணத்தைத் திருப்பி அனுப்புவது நன்றிகெட்ட செயல் என்று பேருந்துத் துறையின் கமிஷனர் கார்லைல் ஹாபர்ட் கருதினார். அந்தப் பணத்தில் தலைமை அலுவலகத்தின் ஏழாவது மாடிக்குக் கம்பளம் விரித்து, சாய்வு நாற்காலிகள் வாங்கிப் போட்டு, இறுக்கத் தடுப்புப் பிரிவு என்று பெயர்ப்பலகை மாட்டினார்கள். தலைவராக டாக்டர் விப்பிள் வந்தார். எலிகளைக் குறுகலான குழாயில் அடைத்து, அவை எந்த நேரத்தில் கடிக்கத் தொடங்குகின்றன என்று ஆராய்ந்து பட்டம் பெற்றவர். பிரிவுக்கு எல்லாம் இருந்தது, நோயாளியைத் தவிர. அதற்காகத்தான் டாக்டர் பணிமனைக்கு இறங்கி வந்திருந்தார்.

“எப்படி இருக்க, லெமுவெல்?” என்றார், சட்டையில் குத்தியிருந்த பெயரைப் படித்து. லெமுவெலுக்கு நாற்பத்தாறு வயது. டாக்டருக்கு இன்னும் முகத்தில் பரு காயவில்லை.

“அப்டைட், டாக்டர். எல்லாமே அப்டைட்டா இருக்கு.”

இந்த வார்த்தையில்தான் வினை. கிரேட்டனின் ஏழாம் வட்டாரத்தில் அப்டைட் என்றால் கச்சிதம். தைத்த கோட்டு தோளில் சொன்னபடி உட்கார்ந்தால் அப்டைட். ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழு பிசிறில்லாமல் பாடி முடித்தால் அப்டைட். லெமுவெலின் மனைவி வெர்னெல் சுடும் சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பை என்ற இனிப்புப் பலகாரம், கரண்டி வைத்தால் ஆடாமல் நிற்பது அப்டைட். அதே வார்த்தைக்கு ஆற்றுக்கு அந்தப் பக்கம், வெள்ளைக்காரர்கள் வேலை பார்க்கும் நகர மையத்தில், வேறு அர்த்தம். நரம்பு முறுக்கேறியவன், உள்ளுக்குள் பயந்து சுருண்டவன், எப்போது வெடிப்பான் என்று சொல்ல முடியாதவன். இரண்டு அர்த்தங்களும் தினமும் லெமுவெலின் பேருந்தில் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பயணம் செய்தன. ஒன்றோடு ஒன்று பேசியதில்லை.

டாக்டரின் கண்கள் விரிந்தன. “எல்லாமேவா?”

“சும்மா சொல்லல டாக்டர். ராத்திரி பொட்டுத் தூக்கமில்ல. இப்பக்கூட நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது பாருங்க.”

டாக்டர் விப்பிள் அவருடைய தோளில் மென்மையாகக் கைவைத்தார். வண்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.

ஏழாவது மாடியில் விசாரணை உடனே தொடங்கியது. லெமுவெலுக்கு முதலில் இது ஏதோ பாராட்டு என்று தோன்றியது. கம்பளத்தில் ஷூவோடு நடக்கச் சொன்னார்கள். காப்பி கொடுத்தார்கள். பேருந்துத் துறையில் அவருக்கு யாரும் காப்பி கொடுத்ததில்லை.

“எத்தன நாளா இப்படி இருக்கு?” என்றார் டாக்டர்.

“கல்யாணம் ஆனதுலேர்ந்துன்னே சொல்லலாம். நடுவுல வேல கெடைக்காம கொஞ்சம் தடுமாறினோம். அப்ப அவ்வளவா இல்ல. இப்ப ரெண்டு மூணு வருஷமா ரொம்ப அப்டைட்.”

“கல்யாணத்துலேர்ந்து,” என்று டாக்டர் முணுமுணுத்தார். “உன் மனைவி?”

“அவளப் பத்திக் கேக்கவே வேணாம். என்னைவிட அப்டைட்.”

“குழந்தைங்க?”

“ஒரே பொண்ணு. நேத்து சாயங்காலத்துலேர்ந்து அவ காலு தரையில படல. வீடு முழுக்கக் கத்திக்கிட்டு ஓடறா.”

டாக்டர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார். “பக்கத்து வீட்டுக்காரங்க எப்படி?”

“எங்க தெருவே அப்டைட்தான் டாக்டர். நீங்க ஒரு ஞாயித்துக்கிழம வந்து பாக்கணும்.”

அன்று பிற்பகலே லெமுவெலின் தடத்தில் வேறு ஆளைப் போட்டார்கள். குணமாகும்வரை அரைச் சம்பளம், தினமும் காலை முதல் மாலை வரை ஏழாவது மாடியில் சிகிச்சை. என்ன நோய் என்று அவர் கேட்டார். நோயைத் தெரிந்துகொண்டால் இறுக்கம் கூடும் என்பதால் சொல்வதில்லை என்றார்கள்.

வீட்டில் வெர்னெல் கேட்டுவிட்டு முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மருத்துவமனைச் சலவையறையில் வேலை செய்கிறவள். பெரிய மனிதர்களின் அழுக்கை நிறையப் பார்த்தவள்.

“நல்லா இருக்கேன்னு சொன்னதுக்கா வண்டியப் புடுங்கினானுங்க?”

“ஆமா.”

“நல்லா இல்லன்னு சொல்லியிருந்தா?”

“தெரியலடி.”

சிரிப்பு அடங்க நேரமாகவில்லை. ஒடெஸ்ஸாவுக்கு உதவித்தொகை படிப்புக்குத்தான். போகவரச் செலவு, போர்வை, குளிர்கோட்டு எல்லாம் இவர்கள் பாடு. “நாளைக்கே போய் அந்த வார்த்தைய நான் சொல்லவே இல்லன்னு சொல்லிடு,” என்றாள் வெர்னெல். மறுநாள் அப்படியே சொன்னார். மறுப்பது இரண்டாம் கட்டத்தின் அறிகுறி என்று டாக்டர் மகிழ்ச்சியோடு குறித்துக்கொண்டார்.

சிகிச்சை என்பது சாய்வு நாற்காலியில் மல்லாந்து கிடப்பது. இசைத்தட்டில் கடல் அலைச் சத்தம் ஓடும். தட்டில் கீறல் விழுந்திருந்ததால் ஒரே அலை திரும்பத் திரும்ப எழுந்து, கரையைத் தொடாமலேயே மறுபடி எழும். ஒரு பெண்மணி தலைமாட்டில் நின்று, “தளர்த்து, லெமுவெல். முதுகத் தளர்த்து. தோளத் தளர்த்து,” என்று ஓதிக்கொண்டிருப்பார். லெமுவெலின் முதுகு தளர மறுத்தது. இருபது வருஷத்துக்கு முன் அவரை வேலைக்கு எடுத்தபோது இதே அலுவலகத்தில் ஒருவர் சொல்லியிருந்தார், கறுப்பு ஓட்டுநர்கள் இருக்கையில் சாயக்கூடாது, சாய்ந்தால் சோம்பேறி என்று பயணிகள் புகார் செய்வார்கள், கம்பி மாதிரி உட்கார வேண்டும் என்று. கம்பி மாதிரி உட்கார்ந்தே பழகிப்போன முதுகு. அதைத் தொட்டுப் பார்த்த டாக்டர், இவ்வளவு முற்றிய நிலையை எலிகளிடம்கூடக் கண்டதில்லை என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை டாக்டர் விப்பிள் உதவியாளர்களோடு ஏழாம் வட்டாரத்துக்கு ஆய்வுக்கு வந்தார். நெபோ மலை பாப்டிஸ்ட் தேவாலய வாசலில் நின்று, ஆராதனை முடிந்து வெளியே வந்தவர்களையெல்லாம் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். அன்று பாட்டு அற்புதமாக அமைந்திருந்தது. போதகர் அப்டைட். பாடகர் குழு மொத்தமும் அப்டைட். முடிதிருத்துபவர் அப்டைட். வெள்ளைக் கையுறை போட்ட மூதாட்டி ஒருவர் டாக்டரின் கன்னத்தைத் தட்டி, “கர்த்தர் புண்ணியத்துல ரொம்ப ரொம்ப அப்டைட் தம்பி,” என்றார். டாக்டர் காருக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை கமிஷனர் ஹாபர்ட் தொலைக்காட்சியில் தோன்றினார். “நம் நகரத்தின் ஒரு பகுதி முழுவதும் கடுமையான இறுக்கத்தில் இருப்பதை விஞ்ஞானம் கண்டுபிடித்திருக்கிறது. அந்த மக்கள் சிரிக்கிறார்கள், பாடுகிறார்கள். ஏமாந்துவிடக் கூடாது. அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பது அவர்களுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளத்தான் நாம் இருக்கிறோம். சிலர் கேட்கிறார்கள், அந்த வட்டாரத்துக்குப் பேருந்துகள் போதவில்லை, நிழற்குடைகள் இல்லை என்று. இறுக்கத்தில் இருக்கிற மக்களுக்குப் பேருந்து கொடுத்தால் அவர்கள் அதில் ஏறி எங்கே வருவார்கள்? இங்கேதான் வருவார்கள். முதலில் தளரட்டும்.” ஏழாம் வட்டாரத்துக்குப் போகும் ஹாலோவே தடத்தில் மாலைநேர வண்டிகள் பாதியாகக் குறைக்கப்பட்டன.

இதற்குப் பிறகுதான் ஓட்டுநர் சங்கத்தில் லெமுவெலுக்காகப் பேச ஆள் கிடைத்தது. ஆம்ப்ரோஸ் டக்கெட் சங்கப் பிரதிநிதி. லெமுவெலோடு ஒரே வருஷம் வேலைக்குச் சேர்ந்தவர். பருத்த உடம்பு, மெல்லிய குரல். கமிஷனரிடம் நேரடி விசாரணை வாங்கிவிட்டார். நீள மேஜையின் ஒரு முனையில் கமிஷனரும் டாக்டரும். மறுமுனையில் ஆம்ப்ரோஸும் லெமுவெலும்.

“ஐயா, இதுல ஒரு நோயும் இல்ல,” என்றார் ஆம்ப்ரோஸ். “எங்க பக்கம் அந்த வார்த்தைக்கு நல்லா இருக்கேன்னு அர்த்தம். அவ்வளவுதான். யார வேணா கேளுங்க.”

“யாரைக் கேக்கறது?” என்றார் கமிஷனர்.

“எங்காளுங்கள.”

“அவங்கதான் நோயாளிங்க, ஆம்ப்ரோஸ். நோயாளிகிட்ட நோய்க்கு அர்த்தம் கேக்க முடியுமா?”

அகராதி ஒன்றைக் கொண்டுவரச் சொன்னார். தடித்த அகராதி. பழைய பதிப்பு. அதில் அந்த வார்த்தையே இல்லை. கமிஷனர் அதை மூடிவைத்துவிட்டு, இல்லாதது தனக்குச் சாதகம் என்றார். பிறகு எழுந்து நின்று தீர்ப்பைச் சொன்னார். அவருக்கு உட்கார்ந்தபடி தீர்ப்புச் சொல்ல வராது.

“ஒரே வார்த்தைக்கு ரெண்டு அர்த்தம் வச்சுக்கிட்டு ஒரு துறைய நடத்த முடியாது. நான் மனுஷங்களச் சமமா நடத்தறவன். அதனால அர்த்தமும் எல்லாருக்கும் ஒண்ணுதான் இருக்கணும். எங்க அர்த்தம் முதல்ல வந்ததா, உங்க அர்த்தம் முதல்ல வந்ததாங்கறது எனக்குத் தெரியாது. தெரிஞ்சுக்கவும் விருப்பமில்ல. இந்தக் கட்டடத்துல கம்பளம் போட்டிருக்கறது எங்க பக்கம். இன்னிலேர்ந்து வேல நேரத்துல எந்த ஊழியர் அந்த வார்த்தையச் சொன்னாலும் அது இறுக்கம். உடனே வண்டியிலேர்ந்து இறக்கி ஏழாவது மாடிக்கு அனுப்பணும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல நீங்க என்ன அர்த்தத்துல வேணா சொல்லிக்கலாம். அதுல துறை தலையிடாது.”

லெமுவெல் மேஜையை நோக்கிக் குனிந்தார். “ஐயா, நான் திரும்ப வண்டி ஓட்டணும்னா என்ன சொல்லணும்?”

“உண்மையச் சொன்னா போதும்,” என்றார் கமிஷனர்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் கடினமானவை. சாய்வு நாற்காலியில் கிடந்தபடி லெமுவெல் வாடகையை நினைத்தார். ஒடெஸ்ஸா, கல்லூரிக்குப் போகவில்லை, ஆலையில் வேலைக்குப் போகிறேன் என்று சொல்லத் தொடங்கியிருந்தாள். வெர்னெல் சலவையறையில் தினமும் இரண்டு ஷிப்டு வேலை பார்த்துவிட்டு வந்து படுத்தாள். அவருக்குச் சோறு இறங்கவில்லை. கை லேசாக நடுங்கத் தொடங்கியது. ஒருநாள் டாக்டர் எப்படி இருக்கிறாய் என்று கேட்டபோது, “முந்தி மாதிரி இல்ல டாக்டர். அந்த அப்டைட்டெல்லாம் போயிடுச்சு,” என்றார். கண் கலங்கியிருந்தது.

டாக்டர் விப்பிள் துள்ளி எழுந்தார். உதவியாளர்கள் கைதட்டினார்கள். முன்னேற்றம் நிலைக்கிறதா என்று பார்க்க இன்னும் மூன்று மாதம் சிகிச்சையை நீட்டித்தார்கள்.

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு ஆம்ப்ரோஸ் வீட்டுக்கு வந்திருந்தார். சோளரொட்டியும் கீரையும்.

“நீதிமன்றத்துக்குப் போகலாம்,” என்றார் ஆம்ப்ரோஸ். “ரெண்டு வருஷம் ஆகும்.”

“அண்ணே, அந்த மனுஷன் என்ன சொன்னான்? திருப்பிச் சொல்லுங்க,” என்றாள் வெர்னெல்.

“எந்த ஊழியர் சொன்னாலும் வண்டியிலேர்ந்து இறக்கணும்னான்.”

“எந்த ஊழியரும்?”

“ஆமா.”

“அப்ப எல்லாரும் சொல்லித் தொலைங்களேன்.”

ஆம்ப்ரோஸ் ரொட்டியைக் கீழே வைத்தார்.

திங்கட்கிழமை காலை மழை. பணிமனை ஜன்னலில் வருகை எழுதும் குமாஸ்தா முதல் ஆளிடம் வழக்கம்போல, “எப்படி இருக்க?” என்றார். “அப்டைட்.” குமாஸ்தா கமிஷனரின் விதியை நினைத்துக்கொண்டு சாவியைக் கொடுக்காமல் ஏழாவது மாடிக்கு அனுப்பினார். இரண்டாவது ஆள் அப்டைட். அடுத்தவர் அப்டைட். வரிசை நகர நகரக் குமாஸ்தாவின் குரல் கம்மியது. கேட்காமல் விட்டுப் பார்த்தார். கேட்காமலே சொன்னார்கள். கறுப்பு ஓட்டுநர்களோடு அது நிற்கவில்லை. போலந்துக்காரர் விட்டோல்ட் ஸ்ரோகா, லெமுவெலோடு அதிகம் பேசாதவர், ஜன்னலுக்குள் தலையை நீட்டி, “நானும் அதுதான். எனக்கு வீட்டுக் கடன், மாமியாரு, முதுகுவலி. நெஜமாவே அதுதான்,” என்றார். மேற்பார்வையாளர் ஆறு மணி வண்டியைத் தானே எடுப்பதாகச் சொன்னார். வண்டியில் பாதிப் படி ஏறியதும் அவருக்கும் எப்படியோ இருந்தது, அவரும் ஏழாவது மாடிக்குப் போய்விட்டார்.

எட்டு மணிக்குக் கிரேட்டனில் ஒரு பேருந்தும் ஓடவில்லை. வக்கீல்களும் வங்கிக்காரர்களும் குடைபிடித்து நடந்தார்கள். ஏழாவது மாடியில் சாய்வு நாற்காலிகள் நிரம்பி, ஓட்டுநர்கள் கம்பளத்தில் வரிசையாக மல்லாந்து கிடந்தார்கள். கீறல் விழுந்த அலை எழுந்துகொண்டே இருந்தது. தலைமாட்டுப் பெண்மணி, “தளர்த்து, தளர்த்து,” என்று நூறு பேருக்கு ஓதி ஓதித் தொண்டை கட்டிப்போய் அழுதுகொண்டிருந்தார். லெமுவெல் தன் வழக்கமான நாற்காலியில் கிடந்தார். பக்கத்தில் தரையில் ஆம்ப்ரோஸ் உண்மையாகவே குறட்டைவிட்டுக்கொண்டிருந்தார்.

கமிஷனர் ஹாபர்ட் வந்தார். அவருடைய ஓட்டுநரும் துறை ஊழியர்தான் என்பதால் அவரும் நடந்தே வந்திருந்தார். தொப்பி ஊறி மழைநீர் காதோரம் வழிந்தது. கழுத்து நரம்பு விரல் தடிமனுக்குப் புடைத்திருந்தது. கால் வைக்க இடமில்லாமல் வாசலிலேயே நின்று கத்தினார். என்ன கத்தினார் என்பது அச்சில் வராது.

டாக்டர் விப்பிள் படுத்திருந்தவர்களைத் தாண்டித் தாண்டி வந்தார். கமிஷனரின் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். “சார், இது மூணாவது கட்டம். உடனே படுக்கணும்.”

“என்னயா?”

“எந்த ஊழியரா இருந்தாலும்னு நீங்கதான் சார் சொன்னீங்க.”

“நான் அந்த வார்த்தையச் சொல்லலியே.”

“சொல்லாம இருக்கறதுதான் சார் முத்தின நிலை.” டாக்டர் அறையைத் திரும்பிப் பார்த்தார். “ஆனா இடமில்ல. வெளிய கொஞ்சம் உக்காருங்க.”

லெமுவெல் எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். “நீங்க படுங்க ஐயா. எனக்குப் பழகிடுச்சு.”

நண்பகலில் எல்லோரும் குணமாகிவிட்டதாக அறிவித்து, சாவியைத் திருப்பிக் கொடுத்தார்கள். லெமுவெலுக்கும் கிடைத்தது. மாலைநேர வண்டிகள் திரும்ப வந்தன. ஏழாம் வட்டாரத்தில் அன்று விருந்து.

துறை தோற்றது என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அரை நாளில் ஒரு நகரத்தின் ஓட்டுநர்கள் அனைவரையும் குணப்படுத்திய சாதனையை டாக்டர் விப்பிள் கட்டுரையாக எழுதினார். வாஷிங்டன் அவரைப் பெரிய பதவிக்கு அழைத்துக்கொண்டது. பணம் மூன்று மடங்காக வந்தது. அதில் கமிஷனர் விளம்பரம் செய்தார். ஒவ்வொரு பேருந்திலும், லெமுவெலின் பேருந்தில் அவர் தலைக்குப் பின்னாலும், நகம் கடிக்கும் கறுப்பு முகம் ஒன்று, கீழே ‘அப்டைட்டாக இருக்கிறீர்களா? எங்களிடம் வாருங்கள்’. வானொலியில் மணிக்கொரு தரம் அதே கேள்வி. மற்ற ஊர்களும் அதை வாங்கிக்கொண்டன. பற்பசைக்காரன் எடுத்துக்கொண்டான், தூக்க மாத்திரைக்காரன் எடுத்துக்கொண்டான், தேர்தலில் நின்றவன் எடுத்துக்கொண்டான். கோடை முடிவதற்குள் நாடு முழுக்க அந்த வார்த்தை கமிஷனரின் அர்த்தத்தில் தெரிந்துவிட்டது. இலையுதிர் காலத்தில் நெபோ மலை தேவாலய வாசலில் யாரையாவது எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால், அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, “இருக்கேன்,” என்றார்கள்.

நவம்பரில் நன்றி நாளுக்கு ஒடெஸ்ஸா ஊருக்கு வந்தாள். முடியை வளரவிட்டிருந்தாள். மனவியல் பாடம் எடுத்திருப்பதாகச் சொன்னாள். வெர்னெல் வான்கோழியும் கீரையும் கிழங்குப் பையும் மேஜை கொள்ளாமல் வைத்திருந்தாள். லெமுவெல் ஜெபம் செய்தார். தலையை நிமிர்த்தி மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். மனம் நிறைந்துவிட்டது.

“இன்னிக்குத்தாண்டி எல்லாம் அப்டைட்டா இருக்கு,” என்றார்.

ஒடெஸ்ஸா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். “ஏம்பா? என்ன கவலை உனக்கு? ரொம்ப நாளாவா இப்படி இருக்கு?”

வெர்னெல் கிழங்கு எடுத்த கரண்டியோடு அப்படியே நின்றாள்.

“அதில்லம்மா,” என்றார் லெமுவெல். “நான் சொன்னது வந்து...” வேறு வார்த்தை தேடினார். நாற்பத்தாறு வருஷமாக எத்தனையோ பேசிய நாக்கு, அந்த நேரத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்றையும் எடுத்துக்கொடுக்கவில்லை. “ஒண்ணுமில்லம்மா. நல்லா இருக்கேன். நீ சாப்பிடு.”

ஒடெஸ்ஸா தலையாட்டினாள். ஆனால் நம்பவில்லை. சாப்பிட்டு முடியும்வரை அவருடைய கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள், நடுங்குகிறதா என்று.